புது லேப்டாப் ஏன் ஊர்கிறது? கேட்டவர்களுக்குப் பதில்கள்

வெள்ளவத்தைத் தங்கச்சி: அண்ணா, போன கிழமைதான் வாங்கினேன். ஆன் பண்ணிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றிக் குடித்து முடித்தாலும் திரை வருவதில்லை. கடையில் கேட்டால் புதுசு அப்படித்தான் என்கிறார்கள்.

கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. முதல் சில நாட்கள் பின்னால் விண்டோஸ் அப்டேட் இறங்கும், தேடுவதற்காகக் கோப்புகளையெல்லாம் பட்டியல் போடும், கோப்புகளை இணையத்தில் சேமிக்கும் ஒன்டிரைவும் தன் பங்குக்கு ஏற்றிக்கொண்டிருக்கும். ஒரு இரவு சார்ஜரில், வைஃபையோடு அப்படியே விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகும் இதே கதை என்றால் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ஸ்டார்ட்அப் ஆப்ஸ் பகுதியில் தேவையில்லாததை டிசேபிள் செய்யுங்கள். எதுவும் அழியாது, தானாகத் தொடங்குவது மட்டும் நிற்கும்.

கொட்டாஞ்சேனைத் தம்பி: டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம் என்று நிற்கிறது அண்ணா. 1 டிபி ஹார்ட் டிஸ்க்.

அப்போ விஷயம் அதுதான் தம்பி. ஹார்ட் டிஸ்க்கில் ஒரு தட்டு சுற்ற, அதன் மேல் ஒரு முனை ஓடி ஓடிப் படிக்க வேண்டும். விண்டோஸ் எழும்பும்போது கேட்பதோ ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகள், ஒவ்வொன்றுக்கும் அந்த முனை இடம் மாற வேண்டும், அந்தக் காத்திருப்புத்தான் நீங்கள் பார்ப்பது. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டி சிப்பில் சேமிப்பது, அதில் அசையும் பாகமே கிடையாது. ரேமைக் கூட்டுவதற்கு முதல் எஸ்எஸ்டி போடுங்கள், வித்தியாசம் அன்றைக்கே தெரியும். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் நாலு கடை ஏறி இறங்கி விலை கேளுங்கள், எம்.2 இடம், அதாவது சின்ன எஸ்எஸ்டி செருகும் இடம், இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் மூடியைக் கழற்றினால் வாரண்டி போகுமா என்று வாங்கிய கடையில் முதலே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

தெஹிவளை அக்கா: மகளின் படிப்புக்கு வாங்கியது. 4 ஜிபி ரேம், 64 ஜிபி இஎம்எம்சி.

மனசு கஷ்டமாக இருக்கிறது அக்கா. விண்டோஸ் 11 ஓடுவதற்கான ஆகக் குறைந்த அளவே அதுதான், அதைப் புதுசு என்று விற்கிறார்கள். இஎம்எம்சி என்பது கோப்புகளைச் சேமிக்கும் சிப், போர்டிலேயே ஒட்டி வருவது, கழற்றி மாற்ற முடியாது. திருப்பிக் கொடுக்க நாள் இருந்தால் இன்றைக்கே கொண்டுபோங்கள், மேலே காசு போட்டாவது 8 ஜிபியும் எஸ்எஸ்டியும் உள்ளதாக மாற்றிக் கேளுங்கள்.

இன்னொருவர்: இரண்டு ஆன்டிவைரஸ் போட்டிருக்கிறேன், பாதுகாப்புத்தானே?

இல்லை, ஒன்றை எடுத்துவிடுங்கள். விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே வீட்டுப் பாவனைக்குப் போதும்.

வத்தளையிலிருந்து: தினமும் ஷட்டவுன் செய்கிறேன், ஆனாலும் நாளாக நாளாக மந்தமாகிறது.

விண்டோஸ் சீக்கிரம் எழும்புவதற்கான ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி ஆனில் இருந்தால் ஷட்டவுன் முழுதாக அணைப்பதில்லை, விண்டோஸின் ஒரு பகுதியைச் சேமித்து வைத்து மறுநாள் அதையே எழுப்பும். ரீஸ்டார்ட் அப்படிச் சேமித்து வைக்காது, கிழமைக்கு ஒருதரம் அதைக் கொடுத்துப் பாருங்கள்.