வாசகர் கேள்வி: இன்னொரு ரசிகரின் கதையைத் தொடரலாமா?

கேள்வி (காரைக்குடி வாசகி): 'பொன்னியின் செல்வன்' மாந்தர்களை வைத்து ஒரு பெண்மணி வாட்பேட் என்ற கதைத் தளத்தில் எழுதிவரும் ரசிகர் கதையில், பழுவூர் அரண்மனைப் பணிப்பெண் ஒருத்தி வருகிறாள். இடக்கையின் ஆறாவது விரலை எப்போதும் முந்தானைக்குள் மறைத்துக்கொள்வது அவள் வழக்கம். எனக்கு அவளை மிகவும் பிடித்துப்போனதால், அதே பெயரில் அவளைக் கதாநாயகியாக்கிச் சில அத்தியாயங்கள் எழுதி வெளியிட்டேன். கேட்காமல் எழுதியது முறையன்று என்று அவர் கோபித்துக்கொண்டார். கல்கியிடம் அவர் அனுமதி கேட்டாரா? யார் பக்கம் நியாயம், ஐயா?

பதில்: நியாயம் பெரும்பாலும் அவர் பக்கம்தான் அம்மா. கல்கி 1954-இல் மறைந்தார். அவருடைய நூல்கள் நாட்டுடைமையாகிவிட்டதால் வந்தியத்தேவனையும் நந்தினியையும் வைத்து யாரும் எழுதலாம். ஆனால் அந்தச் சலுகை கல்கி எழுதியதற்கு மட்டுமே உரியது. ஆறாவது விரலைக் கல்கி எழுதவில்லை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, அந்தப் பெண்மணி எழுதிய சொற்கள், அவர் எங்கும் பதிவு செய்யாவிட்டாலும், அவர் வாழ்நாள் முழுவதும், அதன்பின் 60 ஆண்டுகளும் அவருக்கே உரியவை. அதே சமயம், கருவுக்கும் கருத்துக்கும் பதிப்புரிமை இல்லை என்று ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978-இலேயே சொல்லிவிட்டது. எனவே பழுவூர் அரண்மனையில் ஒரு பணிப்பெண் ஒற்றறிந்தாள் என்று நீங்கள் சொந்தமாக எழுதினால் அவர் தடுக்க முடியாது. அந்தப் பெயரும் அந்த விரலும் அந்த முந்தானையும் சேர்ந்து வரும்போதுதான் சிக்கல்.

இதற்காக யாரும் நீதிமன்றப் படி ஏறப்போவதில்லை என்பதால் சட்டத்தை விட்டுவிட்டு மரியாதைக்கு வருகிறேன். ரசிகர் கதை எழுதுபவருக்குச் சன்மானம் கிடையாது. இந்தப் பாத்திரம் இன்னார் படைத்தது என்று நாலு பேர் சொல்வது ஒன்றுதான் அவர் பெறும் கூலி, அதையும் கேட்காமல் எடுத்துக்கொண்டால் மனம் நோகத்தான் செய்யும். உங்கள் ஊர்ப் பெரிய வீடுகளில் முற்றமும் அதைச் சுற்றிய வளவும் அங்கே வாழும் எல்லாப் புள்ளிகளுக்கும், அதாவது எல்லாக் குடும்பங்களுக்கும், பொது என்றாலும், அவரவர் அறைக்கு அவரவர் பூட்டு இருக்கிறதல்லவா? கல்கியின் சோழநாடு வளவு என்றால், அந்தப் பணிப்பெண் பூட்டிய அறைக்குள் இருப்பவள்.

இப்போது செய்ய வேண்டியது, அத்தியாயங்களைத் தற்காலிகமாக மறைத்துவிட்டு, எல்லோரும் படிக்கும் பின்னூட்டத்தில் வாதாடாமல், தனிச்செய்தியில் அவரிடம் கேட்பது. அவளை எங்கே கொண்டுபோகப் போகிறீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். தன் பாத்திரத்தை இன்னொருவர் கொன்றுவிடுவாரோ, கெட்டவளாக்கிவிடுவாரோ என்ற பயம்தான் பலருக்குக் கோபமாக வெளிப்படுகிறது. அவர் சம்மதித்தால், முதல் அத்தியாயத்தின் தலைப்பிலேயே அவர் பெயரையும் கதையின் இணைப்பையும் கொடுங்கள். மறுத்தால் பெயரையும் விரலையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி (நாட்டரசன்கோட்டை வாசகர்): கம்பர் வால்மீகியிடம் அனுமதி வாங்கிக்கொண்டா எழுதினார்?

பதில்: கம்பர் சமாதி இருக்கும் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வராவிட்டால்தான் வியப்பு! வாங்க வழியில்லை. ஆனால் வடமொழியில் இக்கதையைச் செய்தவர் மூவர் என்றும், அவர்களுள் முந்தியவர் உரையின்படியே தாம் பாடுவதாகவும் அவர் பாயிரத்திலேயே அறிவித்துவிட்டார். நன்னூல் என்ற இலக்கண நூலும், நூலின் முன்னுரையான பாயிரம் காட்ட வேண்டிய எட்டுச் செய்திகளுள், ஆக்கியோன் பெயருக்கு அடுத்தபடியாக, நூல் எதன் வழி வந்தது என்பதை வைக்கிறது. முன்னோர் நூலைத் தழுவி வழிநூல் செய்வது நம் மரபில் குற்றமே அன்று, வழியை மறைப்பதுதான் குற்றம். முன்னோர் விஷயத்தில் அறிவிப்பு போதும். இன்றிரவே பதில் எழுதக்கூடியவரிடம் கேட்காமல் இருப்பதற்குக் கம்பரைச் சாட்சிக்கு அழைக்க வேண்டாம்.

கேள்வி (தேவகோட்டை வாசகி): கதையைப் பாதியில் விட்டுப்போனவர் மடலுக்குப் பதிலே தரவில்லை. நான் முடித்து வைக்கலாமா?

பதில்: முதலில் அவருடைய அறிமுகப் பக்கத்தைப் பாருங்கள். தம் கதையைக் கேட்காமலே தொடரலாம் என்றோ, கூடவே கூடாது என்றோ முன்கூட்டியே அங்கே எழுதி வைப்பவர்கள் உண்டு. 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்' என்ற ரசிகர் கதைத் தளத்தில், ஒரு கதை எந்தக் கதையால் தூண்டப்பட்டது என்று குறிப்பதற்குத் தனி வசதியே இருக்கிறது. அப்படி எதுவும் இல்லையென்றால் மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளாதீர்கள். அவர் வாக்கியங்களை எடுக்காமல், நின்ற இடத்திலிருந்து உங்கள் கற்பனையில் எழுதி, இது அவர் எழுதிய முடிவன்று என்று மேலேயே தெளிவாகக் குறிப்பிட்டு, காசு வாங்காமல் வெளியிட்டால் பெரிய பிழை சொல்ல மாட்டேன். பின்னொரு நாள் அவர் திரும்பி வந்து எடுக்கச் சொன்னால், எத்தனை பேர் படித்திருந்தாலும் எடுத்துவிட வேண்டியதுதான்.