கணிதரின் கடிதங்களை ஏன் காக்க வேண்டும்?

கடலூர் மஞ்சக்குப்பம் வீட்டில், கணிதப் பேராசிரியராக இருந்த தாத்தாவின் கடிதங்களும் கணக்குத் தாள்களும் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருப்பதாகவும், கட்டுரைகள் அச்சாகிவிட்டதால் அவற்றைப் பழைய பேப்பர் கடையில் போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து போடாதீர்கள்.

ராமானுஜன் 1920 ஜனவரி 12 அன்று கேம்பிரிட்ஜ் கணிதர் ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில்தான் போலித் தீட்டா சார்புகள் (mock theta functions) என்ற புதுவகைக் கணிதச் சார்புகளை அறிமுகப்படுத்தினார். 1976-இல் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் அமெரிக்கக் கணிதர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் ஒரு பெட்டியைத் திறந்தபோது, விளக்கம் ஏதுமின்றிச் சூத்திரங்கள் நிறைந்திருந்த நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்களில் அதே சார்புகளைக் கண்டதால்தான், அவை ராமானுஜனின் இறுதி ஆண்டைச் சேர்ந்தவை என்று அவரால் உணர முடிந்தது. கணிதர் வாட்சன் மறைந்தபின் அவர் வீட்டில் எரிக்கப்படவிருந்த காகிதக் குவியலிலிருந்து மீட்கப்பட்டவை அவை என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு பதறுகிறது.

நம் ஊர் உப்புக் காற்றில் குண்டூசி துருப்பிடித்து, தாளில் பழுப்புக் கறையை விட்டு, நாளடைவில் அந்த இடத்தையே பொத்தலாக்கிவிடும். ஆகவே ஊசிகளை மெல்லக் கழற்றுங்கள். லேமினேஷன், செல்லோ டேப் இரண்டும் வேண்டாம். தாத்தா அடுக்கிய வரிசையைக் கலைக்காதீர்கள். தேதியிடாத கடிதத்துக்கு அஞ்சல் முத்திரையே சாட்சி என்பதால் உறைகளையும் அந்தந்தக் கடிதத்துடனேயே வையுங்கள். பிறகு, அவர் பணியாற்றிய கல்லூரியின் நூலகத்துக்கு எழுதி, இவற்றை ஏற்றுக்கொள்வார்களா என்று கேளுங்கள். குடும்பக் கடிதங்களைச் சில ஆண்டுகள் யாருக்கும் காட்டக் கூடாது என்று நிபந்தனை விதித்தும் கொடுக்கலாம்.