வில்லன் ஏன் உலகத்தை அழிக்கணும்?

கேள்வி: அண்ணே, நான் மலேசியாவுல சுங்கை சிப்புட். கோயில் திருவிழாவுக்கு நாடகம் எழுதுறேன், வில்லன் உலகத்தையே அழிப்பேன்னு நிக்கிறான். ஒத்திகையில அந்த வேஷம் கட்டுற பையன் "நான் ஏன் அழிக்கணும்?"னு கேட்டுட்டான், எனக்கே தெரியல. சின்ன வயசுல அடிவாங்குன மாதிரி ஒரு ஃப்ளாஷ்பேக் வச்சிரவா?

பதில்: வேணாம் தம்பி. அடிவாங்குனவன் அடிச்சவனத்தான் தேடுவான், உலகத்த எதுக்கு அழிக்கப்போறான்? நம்ம அசுரனுங்களயே எடுத்துக்குங்க. சூரபத்மன் கேட்டது 1008 அண்டத்த ஆளணும்னு, எல்லாத்தையும் அழிச்சிட்டா யாரப்போய் ஆளுறது? இரணியனுக்கு விஷ்ணு மேல கோபம், தம்பி இரணியாட்சன வராகமா வந்து கொன்னுட்டாரேன்னு. உங்க ஆளுக்குக் கிட்டத்துல வர்றது பஸ்மாசுரன்தான். யார் தலையில கைய வச்சாலும் சாம்பலாகணும்னு வரம் வாங்குனான், வாங்குன கையோட, குடுத்த சிவன் தலையிலயே வச்சுப் பாக்கலாம்னு கெளம்பிட்டான், பகையா ஒண்ணா, கையில சக்தி வந்திருச்சி, வேல செய்யுதான்னு பாக்கணும் அவ்ளோதான். இத அந்தப் பையன் நடிச்சிருவான், கை அரிக்குதுன்னு சொன்னா போதும்.

காரணமே சொல்லாம விடுறதும் தப்பில்ல. 2008ல வந்த பேட்மேன் படம் 'தி டார்க் நைட்'ல வில்லன் ஜோக்கர், வாயில இருக்கற வெட்டுத்தழும்புக்கு ஆளுக்கொரு கதை சொல்லுவான், ஒருத்தர்கிட்ட அப்பா வெட்டுனாருன்னு, இன்னொருத்தர்கிட்ட பொண்டாட்டிக்காக தானே கிழிச்சிக்கிட்டேன்னு. எது நெசம்னு படம் சொல்லவே சொல்லாது. ஆனா ரெண்டு படகுலயும் குண்ட வச்சு, இந்தப் படகு பட்டன அந்தப் படகுல குடுக்கறான் பாருங்க, மனுசன் எல்லாரும் அவன மாதிரிதான்னு காட்டணும், அதான் பந்தயம். பழைய கதை கெடையாது, ஆனா அடுத்து என்ன நடக்கறத பாக்க ஆசப்படறான்னு நமக்குத் தெளிவா தெரியும். பையன்கிட்ட அத மட்டும் சொல்லுங்க.

இன்னொண்ணு, மேடையில உலக உருண்டைய தொங்கவிட்டா எவனும் பயப்படமாட்டான், சின்னதாக்குங்க. 1950, 60கள்ல தோட்டத் துண்டாடல் நடந்துச்சில்ல, வெள்ளக்காரக் கம்பெனிங்க பெரிய பெரிய ரப்பர் தோட்டத்த கூறுபோட்டு வித்தப்ப வேலையும் போச்சு, தோட்டத்துல குடுத்த லயத்து வீடும் போச்சு, அங்கயே பொறந்து வளந்தவங்களுக்கு உலகம் அழிஞ்சது அப்பதான். அதத் தடுக்கத்தான 1960ல உங்க ஊர்க்காரர், அப்ப அமைச்சரா இருந்த துன் சம்பந்தன் தொழிலாளிங்க கிட்ட காசு சேத்து தோட்டம் வாங்க கூட்டுறவு ஆரம்பிச்சாரு. ஆனா அப்ப வித்தவனுக்கு லாபம்னு ஒரு காரணம் இருந்துச்சி. உங்காளு காலையில வேலைக்கு ஆள் கூப்புடுற பெரட்டு நேரத்துல வரட்டும், கையில ஒரு டப்பா செவப்பு பெயிண்ட், கோயில் தூணு, புள்ளைங்கள பாத்துக்கற ஆயாக்கொட்டாய் கதவுன்னு ஒவ்வொண்ணா கோடு போட்டுக்கிட்டே போறான். கங்காணி பின்னாடியே ஓடி "யாருக்குய்யா விக்கப்போற?"ன்னு கேக்கறாரு.

"யாருக்கும் இல்ல."

அந்த எடத்துல வசனம் அவ்ளோதான், அடுத்த கதவுக்குப் போயிரணும். ஸ்பீக்கர்ல போட வச்சிருக்கீங்களே ஹாஹாஹா சிரிப்பு, இருக்கும்னு நெனைக்கிறேன், மொதல்ல அதத் தூக்கிருங்க.