முதலில் யார் போவது?

கேள்வி: திருநெல்வேலிப் பக்கம் ஒரு சிற்றூர் எங்களுடையது. எங்கள் சபைக் கோயிலில் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு ஒன்பது வருஷம் பொருளாளராக இருந்தேன். போன வருஷம் ஆண்டுக் கூட்டத்தில் ஒருவர் எல்லார் முன்னாலும் எழுந்து, அசன (கோயில் பொது விருந்து) கணக்கில் 4,200 ரூபாய்க்குப் பில் எங்கே என்று கேட்டார். நான் அக்கா என்று கூப்பிடுபவர். இருபது வருஷம் பாடகர் குழுவில் என் பக்கத்தில் நின்றவர். அரிசிக் கடைப் பில் அன்று கையில் இல்லை. மூன்றாம் நாள் கிடைத்தது, போதகர் ஐயரிடம் காட்டிவிட்டேன். அந்த அக்கா ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. நான் பொறுப்பை விட்டுவிட்டேன். இப்போது சங்கத்தில் பாதிப் பேர் அவர் பக்கம், பாதிப் பேர் என் பக்கம். ஆராதனையில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துச் சமாதானம் கொடுக்கும்போது அவர் இருக்கும் பக்கம் நான் திரும்புவதில்லை. ஜெபத்தில் அவரை மன்னித்துவிட்டேன். ஆனால் தப்புச் செய்தவர்தானே முதலில் வர வேண்டும்? தாழ்மை என்றால் குட்டக் குட்டக் குனிவதா? பேசாமல் டவுனில் வேறு சபைக்குப் போய்விடலாமா என்று இருக்கிறது.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை உங்கள் பக்கம்தான் நின்றேன். ஒன்பது வருஷம் அசனத்துக்கு அரிசியும் காய்கறியும் வாங்கி, பாத்திரம் எண்ணி வைத்தவரை ஒரு பில்லுக்காகச் சபை நடுவில் நிறுத்திவிட்டார்களே என்று எனக்கே கோபம் வந்தது. இரண்டாம் முறை படிக்கும்போது வேறொன்று கண்ணில் பட்டது. மன்னித்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதே கடிதத்தில் எத்தனை ரூபாய், எத்தனையாவது நாள் பில் கிடைத்தது, யார் யார் எந்தப் பக்கம் என்று எல்லாம் பிசகாமல் இருக்கிறது. பொருளாளர் பதவியை விட்டீர்கள், இந்தக் கணக்குப் புத்தகத்தை மட்டும் இன்னும் ஒப்படைக்கவில்லை. 'அன்பு தீங்கு நினையாது' என்று 1 கொரிந்தியர் 13இல் படிக்கிறோமே, அந்த 'நினையாது' என்பதற்கு மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல் வரவுசெலவு எழுதுகிறவர்கள் பயன்படுத்திய சொல். தீங்கைக் கணக்கில் ஏற்றாது என்று பொருள். ஒன்பது வருஷம் கணக்கு எழுதிய உங்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பணக் கணக்கைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதையும் மனவருத்தத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். பில் எங்கே என்று கேட்க அந்த அக்காவுக்கு உரிமை உண்டு. காணிக்கைப் பணம் யாருடைய சொந்தப் பணமும் இல்லை. கேட்ட இடம்தான் தவறு. கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டிருக்கலாம். அதே சமயம், கேள்வி சபையில் எழுந்தது, பதில் ஐயர் அறைக்குள் முடிந்துவிட்டது. அதுவும் சரியில்லை. பில் கிடைத்துவிட்டது, கணக்கு நேர் என்று அடுத்த கூட்டத்தில் ஐயரோ செயலாளரோ இரண்டு வரி வாசிக்கட்டும். அதைக் கேட்டு வாங்குவதால் உங்கள் தாழ்மை ஒன்றும் குறைந்துவிடாது. நீங்களே எழுந்து வாசிக்காதீர்கள், அவ்வளவுதான்.

இனி உங்கள் கேள்வி. தப்புச் செய்தவர்தானே முதலில் வர வேண்டும்? மத்தேயுவில் இரண்டு இடத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 5ஆம் அதிகாரம், 23ஆம் வசனம்: உன் சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று பலிபீடத்தண்டையில் நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு நீ போ. 18ஆம் அதிகாரம், 15ஆம் வசனம்: உன் சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றம் செய்தால், நீ போய், அவனும் நீயும் தனித்திருக்கையில் பேசு. முதலாவதில் குறை உன்மேல், இரண்டாவதில் குற்றம் அவன்மேல். இரண்டிலும் எழுந்து போக வேண்டியவர் ஒருவர்தான். இயேசு இதில் நமக்குச் சந்து பொந்து ஒன்றும் விட்டுவைக்கவில்லை. சொல்லப்போனால் அந்த அக்காவும் இதே இரண்டு வசனத்தைப் படித்துவிட்டு இன்று சாயங்காலமே உங்கள் வீட்டுக்குப் புறப்பட வேண்டும். ஆனால் எனக்குக் கடிதம் எழுதியவர் நீங்கள்.

பிலிப்பி சபையிலும் இப்படி இரண்டு பெண்கள் இருந்தார்கள். எயோதியாள், சிந்திகேயாள். இருவரும் அப்போஸ்தலனான பவுலோடு சேர்ந்து பாடுபட்டவர்கள், சும்மா பெயருக்கு வந்தவர்கள் அல்ல. சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில், சபை முழுவதும் கேட்கும்படி, 'எயோதியாளுக்கும் புத்திசொல்லுகிறேன், சிந்திகேயாளுக்கும் புத்திசொல்லுகிறேன்' என்று எழுதுகிறார். ஒரே வாக்கியத்தில் இருவரையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். தனித்தனியாகச் சொல்கிறார், ஆளுக்கு ஒரு முறை. யார்மேல் தப்பு என்று ஒரு சொல் இல்லை. எதற்குச் சண்டை என்றும் இல்லை. அசனக் கணக்காகக்கூட இருந்திருக்கலாம், யார் கண்டார்? இன்னொருவரைக் கூப்பிட்டு, இவர்களுக்கு உதவியாயிரு என்றும் கேட்டுக்கொள்கிறார். உங்கள் ஊரில் அப்படி ஒருவர் நிச்சயம் இருப்பார். இரண்டு பக்கமும் சேராதவர், இரண்டு வீட்டிலும் காபி குடிப்பவர். அவரிடம் சொல்லிவையுங்கள்.

தாழ்மை என்றால் குட்டக் குட்டக் குனிவதா என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. நம் ஊரில் இந்தச் சொல்லை வைத்து ஏழைகளையும் மருமகள்களையும் எவ்வளவோ குனிய வைத்திருக்கிறார்கள். பிலிப்பி ஒரு ரோமக் குடியேற்ற நகரம், ஓய்வுபெற்ற படைவீரர்களைக் குடியமர்த்திய ஊர். பதவியும் பட்டமும்தான் அங்கே மரியாதை. அந்தக் காலத்துக் காதில் தாழ்மை என்பது அடிமைக்குரிய குணம், கிட்டத்தட்ட வசைச்சொல். அந்த ஊருக்குத்தான் பவுல், கிறிஸ்து 'தம்மைத்தாமே வெறுமையாக்கி, அடிமையின் ரூபமெடுத்து' என்று எழுதினார். கவனியுங்கள், தம்மைத்தாமே. யாரும் அவரைக் குட்டவில்லை. இறங்கியது அவர் முடிவு. உங்களை ஒருவர் மிதிக்கும்போது பேசாமல் கிடப்பதற்கு இந்த அதிகாரத்தைச் சாட்சிக்கு இழுக்க முடியாது. நீங்களாக ஒரு படி இறங்குகிறீர்களா என்பதுதான் அங்கே கேள்வி.

கிருபை என்று ஜெபத்தில் நாம் நூறு முறை சொல்கிறோம். கிரேக்கத்தில் கிருபை என்ற சொல்லின் வேரிலிருந்தே, எபேசியர் 4:32இல் வரும் 'மன்னித்தல்' என்ற சொல்லும் பிறக்கிறது. வருத்தம் தெரிவித்த பிறகு கொடுத்தால் அது ஏறக்குறைய கூலி மாதிரி. கிருபை அதற்கு முன்பே வந்துவிடும்.

உங்கள் பகுதிக்காரர் ஒருவரை இங்கே நினைக்கிறேன். வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1912இல் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல் பேராயரானார், ஆங்கிலிக்கன் சபையில் (இங்கிலாந்துத் திருச்சபை வழி வந்தது) முதல் இந்தியப் பேராயர். 1919இல் தரங்கம்பாடியில் பல சபைப் போதகர்கள் கூடி, பிரிந்து கிடக்கும் சபைகள் ஒன்றாக வேண்டும் என்று அறிக்கை விட்டார்கள். அதை முன்னின்று நடத்தியவர்களில் அவர் ஒருவர். அப்புறம் 28 வருஷம் பேச்சு. பெரிய முட்டுக்கட்டை எது தெரியுமா? பேராயர் கைவைத்து அபிஷேகம் பண்ணாத மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் போதகர்களின் குருத்துவம் செல்லுமா என்பது. மறுபடி அபிஷேகம் பெற்றுக்கொண்டு வாருங்கள் என்று சொல்ல ஆங்கிலிக்கன்களுக்கு ஆசை இல்லாமல் இல்லை. அப்படிச் சொல்லியிருந்தால், இதுவரை நீங்கள் கொடுத்த திருவிருந்து செல்லாது என்று ஒப்புக்கொள்ளுங்கள், பிறகு சேர்ந்துகொள்ளலாம் என்றாகியிருக்கும். கடைசியில் அதைக் கேட்கவில்லை. ஏற்கெனவே ஊழியத்தில் இருந்தவர்களை இருந்தபடியே ஏற்றுக்கொண்டார்கள். சுதந்திரம் கிடைத்த ஆறே வாரத்தில், 1947 செப்டம்பர் 27 அன்று, சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) பிறந்தது. அசரியா அதைப் பார்க்கவில்லை, 1945 ஜனவரி 1இல் இறந்துவிட்டார். (இன்று திருமண்டலத் தேர்தல் வந்தால் நாம் அடிக்கும் கூத்தைப் பார்க்காமல் போனதும் நல்லதுதான்.)

நீங்கள் திரும்பாமல் இருக்கும் அந்தச் சமாதானம் கொடுக்கும் முறையும் அந்தச் சேர்க்கையின் பிள்ளைதான். 1950இல் புதிய சபை தன் திருவிருந்து ஒழுங்கை அமைத்தபோது, கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களின் வழக்கத்திலிருந்து அதை எடுத்துக்கொண்டது. ஒருவர் உள்ளங்கைகளுக்குள் இன்னொருவர் கைகள். ஒரு கையில் பில்லை வைத்துக்கொண்டு அதைக் கொடுக்க முடியாது.

வேறு சபைக்குப் போகலாமா? போகலாம், அது பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சண்டை முடிந்த பிறகு போங்கள். இல்லாவிட்டால் டவுன் சபையிலும் யாராவது ஒருவர் இந்த அக்கா முகத்தோடு வந்து நிற்பார்.

அவர் வீட்டுக்குப் போகும்போது யாரையும் துணைக்குக் கூட்டிப் போகாதீர்கள். கோடு போட்ட வேதாகமமும் வேண்டாம். "அக்கா, நீங்க பேசாம இருக்கிறது எனக்குக் கஷ்டமா இருக்கு" என்று சொல்லுங்கள், போதும். 4,200 ரூபாய் அன்று பேச்சில் வர வேண்டாம், அவர் எடுத்தாலொழிய.

அவர் இறங்கி வருவார் என்று நான் உறுதி சொல்லவில்லை. எங்கள் பாடகர் குழுவில் ஒருவரோடு எனக்கு ஒன்றரை வருஷம் பேச்சு இல்லை. யார் எந்தப் பாட்டுக்கு முன்னால் நிற்பது என்கிற அற்ப விஷயம். ஒருநாள் அவர் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னார், ஒரு தம்ளர் தண்ணீர் வரவில்லை. "சரி, இருக்கட்டும்" என்றார். பத்து நிமிஷத்தில் திரும்பிவிட்டேன். வழியெல்லாம் இதற்கா வந்தோம் என்று எரிச்சல். அடுத்த இரண்டு ஞாயிறும் அவர் என்னைப் பார்க்கவே இல்லை. மூன்றாம் ஞாயிறு ஆராதனைக்குத் தாமதமாக ஓடிவந்து, பாமாலைப் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு நின்றேன். அவர் என் பக்கம் திரும்பாமலே தன் புத்தகத்தைக் கொஞ்சம் சாய்த்து, பாட்டின் எண்ணை விரலால் காட்டினார்.