பியானோ லைட்டு: பவர் கூட்டினா சரியாகிடுமா?

கேள்வி: வீட்ல அப்ரைட் பியானோ இருக்கு. நோட்ஸ் பார்த்து வாசிக்க ஒரு கிளிப் எல்இடி லைட் வாங்கினேன். நடுவுல கண்ணு கூசுது, ஓரமெல்லாம் இருட்டு. இன்னும் பவர்ஃபுல்லா ஒண்ணு வாங்கட்டுமா?

பதில்: வேணாங்க. பவரைக் கூட்டினா கூசுறதுதான் கூடும், ஓரம் அப்படியேதான் கிடக்கும். கிளிப் லைட்டோட தலை சின்னது, ஒரே இடத்துல வெளிச்சத்தைக் கொட்டும். ஏ4 பக்கம் ரெண்டை விரிச்சாலே 42 செ.மீ. வந்துடுது, பக்கத்துல இன்னொரு ஷீட் வெச்சா 63, இதுக்கு குட்டி லைட் எங்கேங்க பத்தும்? 40, 50 செ.மீ. நீளத்துக்கு பார் மாதிரி தலை, முன்னாடி நீட்டி மடக்குற ஆர்ம், எல்இடி புள்ளி புள்ளியா தெரியாம மேல ஒரு பால் நிற கவர், இப்படி இருக்கிறதா பாருங்க.

கூசுறதுக்கு காரணம் லைட் இருக்கிற இடம். வழக்கம்போல உக்காந்துட்டு, புக்கு மேல ஒரு சின்ன கண்ணாடியைப் படுத்தாப்ல வெச்சு அங்க இங்க நகர்த்துங்க, எந்த இடத்துல வெச்சாலும் அதுல லைட் தெரியக்கூடாது, தெரிஞ்சா அங்கதான் கூசும், ஆர்மை மாத்துங்க. பெரும்பாலும் புக்கோட மேல் ஓரத்துக்கு மேலயே, கொஞ்சம் முன்னாடி வந்து கீழ பார்த்தாப்ல இருந்தா சரியா வரும், கீபோர்டுக்கும் கொஞ்சம் வெளிச்சம் விழும். 88 கீயும் சேர்ந்தா 120 செ.மீ.க்கு மேல, அதனால ரெண்டு கடைசியும் மங்கலாத்தான் இருக்கும், விட்டுடுங்க. முதுகுக்குப் பின்னாடி மட்டும் லைட் வைக்காதீங்க, உங்க நிழலே கை மேல விழும்.

லைட்டோட கலர் 3000லேர்ந்து 4000 கெல்வின் (லேசா மஞ்சள் கலந்த வெள்ளை), சிஆர்ஐ, அதாவது நிறங்கள் எவ்வளவு இயல்பா தெரியும்ங்கிற அளவு, 90க்கு மேல இருந்தா பென்சில்ல குறிச்சதும் சிவப்பு மையும் தெளிவா தெரியும். டிம்மரைக் குறைச்சு வெச்சு போன் கேமராவுல பாருங்க, பட்டை பட்டையா கோடு ஓடினா அந்த லைட் மினுக்குதுன்னு அர்த்தம், ரொம்ப நேரம் வாசிக்கிறவங்களுக்கு அது ஆகாது.

கிளிப்பை விட, கனமான அடிப்பாகத்தோட பியானோ மேல நிக்கிற லைட் நல்லது. அடியில ரப்பர் இருந்தா ஒரு துண்டு ஃபெல்ட் துணி போடுங்க, நாள்பட்டா ரப்பர் பாலிஷ்ல கறை விட்டுடும். அப்புறம் ஒரு விஷயம், லைட் வெச்சதுக்கப்புறம் ஏதோ ஒரு நோட்டுக்கு மட்டும் 'ஜ்ஜ்'னு அதிர்ற சத்தம் வந்தா பயந்துடாதீங்க, பியானோ ட்யூன் பண்றவரைக் கூப்பிடுறதுக்கு முன்னாடி லைட்டைத் தூக்கிக் கீழ வெச்சுட்டு அதே கீயை அடிச்சுப் பாருங்க, பாதி நேரம் ஆர்ம்ல இருக்கிற லூசான ஸ்க்ரூதான்.