பாவம் சரோ!

கேள்வி: என் மாமி இரவு ஏழு மணிக்கு ரீவியைப் போட்டால் பத்து மணிவரை நாடகம்தான். ஒன்பது வயது மகளும் அவர் மடியில் கிடந்து பார்க்கிறாள். "கடைசியில் நல்லவர்தானே ஜெயிக்கிறார், பிள்ளை நல்லதைத்தான் படிக்கும்" என்கிறார் மாமி. உண்மையா?
- ஒரு வாசகி, உப்புவெளி

பதில்: அந்தக் கடைசி எப்போது வரும், தங்கச்சி? முந்நூறு நாள் வில்லி பட்டுச்சேலையில் ஆட்டம் போடுவாள். காலில் விழுந்து அழுவது ஒருநாள், அதுவும் அவசர அவசரமாக.

அதுகூடப் பரவாயில்லை. ரீவிக்கு முன்னால் இருக்கிற நம்மை என்ன செய்வது? 2003இல் சன் ரீவியில் 'மெட்டி ஒலி' ஓடிக்கொண்டிருந்தது. திருக்கடலூரில் எங்கள் பக்கத்து வீட்டு ஆச்சி, அந்த நாடகத்தில் மருமகள் சரோவை மாமியார் ராஜம் படுத்தும் பாட்டைப் பார்த்து மூக்கைச் சிந்துவார். "பாவம் சரோ, இவளெல்லாம் ஒரு மனுசியா!" என்பார். அதே மூச்சில் குசினிப் பக்கம் திரும்பி, "என்ன, இன்னும் சூடை மீனை வெட்டி முடியல்லையா?" என்று ஒரு அதட்டல். அவருடைய மருமகள் ஒருநாளும் அந்த நாடகத்தை உட்கார்ந்து பார்த்ததில்லை.

ஆச்சி மட்டும்தான் அப்படி என்றில்லை. 1984இல் தூர்தர்ஷனில் வந்த 'ஹம் லோக்' இந்தி நாடகம் புத்தி சொல்லவென்றே எடுத்தது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் வந்து அன்றைய கதையைப் பற்றிப் பேசுவார். அதில் எல்லாவற்றையும் பொறுத்துப்போகிற ஒரு அம்மா, பாகவந்தி. இப்படி இருந்தால் என்ன ஆகும் என்று காட்டத்தான் அவரை வைத்தார்கள். பார்த்தவர்களில் பலரோ, பெண்ணென்றால் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஆச்சியின் பேத்தி ஒருநாள் கேட்டாள்: "அப்பம்மா, எங்கட அம்மாவும் சரோவா?" ஆச்சி ஒன்றும் பேசவில்லை. எழும்பிப் போய் மீன் சட்டியைத் தானே எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு நடந்தார். மறுநாள் பழையபடிதான், அது வேறு கதை.

அதனால் மகளை எழுப்பி விரட்டாதீர்கள். நீங்களும் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள், அவள் கேள்வி கேட்டால் வாயை அடைக்காதீர்கள். ஆனால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை பத்து மணிவரை விழித்திருக்கக் கூடாது. அதை மாமியிடம் நீங்களே சொல்லுங்கள், என் பெயரை இழுக்க வேண்டாம்.