தெருவை இழந்த பிள்ளைகள்

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு 58 வயது. கோவைக்குப் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்தவன். லீவு விட்டால் காலையில் வெளியே போகிறவர்கள் பொழுது சாய்ந்துதான் வீடு திரும்புவோம். கிணற்றில் குதிப்போம், கில்லி ஆடுவோம், வாடகை சைக்கிளில் குரங்குப் பெடல் போடுவோம். எங்கே போனாய் என்று யாரும் கேட்டதில்லை. நன்றாகத்தானே வளர்ந்தோம்? இன்று என் பேத்திக்கு ஒன்பது வயது. பள்ளிக்கு வேனில் 14 கிலோமீட்டர் போகிறாள், வந்ததும் செல்போன். தெருமுனை மளிகைக்கடைக்குக்கூடத் தனியாகப் போனதில்லை. மகனும் மருமகளும் விடுவதில்லை. எங்கள் அடுக்ககச் சங்கத்தின் செயலாளர் நான்தான். சாயங்காலம் வளாகத்தில் ஒரு பிள்ளையின் சத்தம் கேட்பதில்லை. இந்தத் தலைமுறைப் பெற்றோர் பிள்ளைகளைக் கோழைகளாக்கிவிட்டார்கள் என்று நினைக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஆர்.கே., கோவை

அன்புள்ள ஆர்.கே.,

உங்கள் ஏக்கம் நியாயமானது. கில்லி ஆட்டத்தில் நடுவர் கிடையாது. விழுந்த இடத்தைக் குச்சியால் அளக்கும்போது சண்டை வரும். "நான் வரல, போ" என்று ஒருவன் கோபித்துக்கொண்டு கிளம்புவான். ஆள் குறைந்தால் ஆட்டம் நின்றுவிடும் என்பதால் மற்றவர்கள் பின்னாலேயே போய்ச் சமாதானம் சொல்லிக் கூட்டி வருவார்கள். சின்னப் பையனை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வார்கள், அவன் அவுட் ஆனாலும் அவுட் இல்லை. இந்தச் சட்டங்களையெல்லாம் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளே போட்டுக்கொண்டார்கள். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால் அவரிடம் புகார் சொல்லியிருப்பார்கள், தாங்களே பேசித் தீர்த்திருக்க மாட்டார்கள். கராத்தே, டிராயிங் என்று எத்தனை வகுப்பில் சேர்த்தாலும் உங்கள் பேத்திக்கு இது அங்கே கிடைக்காது.

ஆனால் இதற்காக உங்கள் மகனும் மருமகளும் பிள்ளையைக் கோழையாக்கிவிட்டார்கள் என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். வாசலில் நின்று தெருவைப் பாருங்கள். 1981இல் இந்தியா முழுவதும் பதிவாகியிருந்த வாகனங்கள் சுமார் 54 லட்சம். 2011இல் 14 கோடி. நீங்கள் குரங்குப் பெடல் போட்ட காலத்தில் எத்தனை மணி நேரத்துக்கு ஒரு லாரி வந்தது? இன்று அதே வயதுப் பிள்ளை தெருமுனைக்குப் போக எத்தனை பைக்குகளைத் தாண்ட வேண்டும்?

இங்கிலாந்தில் மேயர் ஹில்மன் என்ற ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் இதைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளில் பெரியவர் துணையில்லாமல் பள்ளிக்குப் போனவர்கள் 1971இல் நூற்றுக்கு 80 பேர். 1990இல் வெறும் 9 பேர். அந்த இடைவெளியில் சாலை விபத்தில் இறக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்திருந்தது. சாலை பாதுகாப்பாகிவிட்டதால் அது குறையவில்லை, பிள்ளைகளைச் சாலையிலிருந்து எடுத்துவிட்டதால்தான் குறைந்தது என்றார்கள் அவர்கள். இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். 1990இல் பிள்ளைகள் கையில் செல்போன் இல்லை. பிள்ளைகள் உள்ளே அடைந்த பிறகுதான் செல்போன் வந்தது.

நம் ஊரில் இதோடு பள்ளி தூரமும் சேர்ந்துகொண்டது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஒரு கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்ட விதி. அப்படி ஒரு அரசுப் பள்ளி உங்கள் பகுதியிலும் இருக்கும். அதைத் தாண்டித்தான் பேத்தியின் வேன் போகிறது. ஒரே தெருவில் உள்ள பத்துப் பிள்ளைகள் ஆறு பள்ளிகளுக்குப் போனால் சாயங்காலம் யார் யாரைக் கூப்பிடுவார்கள்? ஒருவருக்கொருவர் பெயரே தெரியாதே.

அப்புறம், நீங்கள் எழுதியிருக்கும் "நாங்கள்" பற்றியும் சொல்ல வேண்டும். நான் வயதுக்கு வரும் வரை தெருவில் நொண்டி ஆடியவள். சடங்கு முடிந்ததும் திண்ணைக்குக்கூட வரக் கூடாது என்றார்கள். என் தம்பி அதே தெருவில் காலேஜ் போகும் வரை கிரிக்கெட் ஆடினான், நான் ஜன்னல் வழியே ஸ்கோர் கேட்டேன். உங்கள் கிணற்றில் ஊரின் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் குதிக்க முடிந்ததா? உங்களோடு ஆட வராமல் மாடு மேய்க்கவும் தறிக் குழிக்கும் போன பையன்கள் இல்லையா? கிணற்றில் மூழ்கிப் போன பிள்ளை இல்லாத ஊர் எனக்குத் தெரிந்து இல்லை. நன்றாகத்தானே வளர்ந்தோம் என்று கடிதம் எழுத அந்தப் பிள்ளை இன்று இல்லை. தெரிந்த மனிதர்களிடம் பட்ட தொந்தரவை வெளியே சொல்ல முடியாமல் வளர்ந்தவர்களும் நம் தலைமுறையில் நிறையப் பேர். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க என்றே போக்சோ சட்டம் வந்தது 2012இல்தான். எங்கே போனாய் என்று யாரும் கேட்காதது எல்லாருக்கும் நல்லதாக முடியவில்லை.

அதனால் அந்தக் காலம் அப்படியே திரும்ப வேண்டும் என்று நான் ஆசைப்படவில்லை. உங்களுக்குக் கிடைத்த தெரு உங்கள் பேத்திக்கும் கிடைக்க வேண்டும், அவள் வயதுக்கு வந்த பிறகும் கிடைக்க வேண்டும் என்றுதான் ஆசைப்படுகிறேன். இது நடக்காத காரியம் இல்லை. நெதர்லாந்தில் 1971இல் மட்டும் 400க்கும் மேற்பட்ட பிள்ளைகள் சாலையில் இறந்தார்கள். "பிள்ளைகளைக் கொல்வதை நிறுத்துங்கள்" என்று பெற்றோர்கள் தெருவில் இறங்கினார்கள். 1976இல் குடியிருப்புத் தெருக்களுக்கென்று அங்கே தனி விதியே வந்தது. அப்படி அறிவிக்கப்பட்ட தெருவில் பிள்ளைகள் நடுவிலேயே விளையாடலாம், வண்டிதான் நடை வேகத்தில் போக வேண்டும். அந்தப் பெற்றோர் பிள்ளைகளைப் பூட்டி வைப்பதோடு நிற்கவில்லை, வண்டிகளைக் கட்டுப்படுத்தச் சொன்னார்கள். நம் ஊரில் இந்தக் கேள்வியை நாம் இன்னும் உரக்கக் கேட்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

நீங்கள் சங்கச் செயலாளர் என்பதால் கேட்கிறேன். உங்கள் வளாகத்தில் "பந்து விளையாடக் கூடாது" என்று பலகை இருக்கிறதா? நான் போன பல அடுக்ககங்களில் பார்த்திருக்கிறேன். இருந்தால் அடுத்த கூட்டத்திலேயே எடுத்துவிடுங்கள். சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரை உள்ளே கார் ஓட்டக் கூடாது என்று தீர்மானம் போடுங்கள். கண்ணாடி உடைந்தால் சங்கச் செலவில் மாற்றிக்கொள்ளலாம். தெருமுனையில் வேகத்தடை வேண்டும், நடைபாதையில் நிற்கும் வண்டிகளை எடுக்க வேண்டும் என்று எழுதி, அக்கம்பக்கத்தாரிடம் கையெழுத்து வாங்கி, வார்டு கவுன்சிலரிடம் கொடுங்கள். மளிகைக்கடைக்குப் பேத்தியை முதலில் இன்னொரு பிள்ளையோடு சேர்த்து அனுப்புங்கள், கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மருமகள் தயங்கினால் இப்போது வற்புறுத்த வேண்டாம். வேகத்தடை போட்ட பிறகு மறுபடி கேளுங்கள்.